ஆடும் பிரிட்ஜா, அசையாத பிரிட்ஜா: குறைந்த விலையில் ஒரு மெட்டல் கிட்டார்

பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு அக்கா மகன் திருச்சியிலிருந்து நான்கு படங்களை அனுப்பினான். நான்கும் எலெக்ட்ரிக் கிட்டார். "மாமா, இதுல எதை வாங்கட்டும்? மெட்டல் மட்டும்தான் வாசிக்கப் போறேன். அப்பா 35,000 தர்றேன்னு சொல்லிட்டாரு. ஆம்ப்பும் அதுக்குள்ளயே வரணும்." மெட்டல் என்றால் முரட்டு ஒலியுள்ள கனமான ராக் இசை, ஆம்ப் என்றால் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி. இரண்டு வருடமாக ஒரு சாதாரண அகூஸ்டிக் கிட்டாரில் விரல் தேயப் பழகுகிறவன். அவனுக்குப் போனில் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு நிற்பவர்கள் நிறையப் பேர்.

அவன் அனுப்பியவை இவை: ஜாக்சன் ஜே.எஸ் 22 டிங்கி, அதற்கு ஒரு படி மேலே இருக்கும் ஜே.எஸ் 32 டிங்கி, இபானெஸ் ஜி.ஆர்.ஜி 131 டி.எக்ஸ், ஈ.எஸ்.பி நிறுவனத்தின் எல்.டி.டி இ.சி-10. ஜே.எஸ் 32 கொஞ்சம் கூடுதல் விலை. மற்ற மூன்றும் அமெரிக்காவில் 200 முதல் 300 டாலருக்குள் விற்கிற வகை. நம் ஊரில் கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் விலை மாறும், அதனால் ரூபாய்க் கணக்குக்குள் நான் போகவில்லை. நான்குமே மெட்டலை மனதில் வைத்துச் செய்த கிட்டார்கள்தான். நான்கிலும் 24 ஃப்ரெட் (வீணையின் மெட்டு போல நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி), இரண்டு ஹம்பக்கர் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பாகம்), போல்ட் போட்டு இணைத்த நெக் (கிட்டாரின் நீளக் கழுத்து).

கடையில் பேச்சு எப்போதும் மரத்தில் ஆரம்பிக்கும். பாடி பாஸ்வுட்டா, பாப்ளரா என்று அரைமணி நேரம் போகும். ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை முழுக்கத் திறந்து வைத்து வாசிக்கிற இசையில் இந்த விலைக் கிட்டார்களின் பாடி மரத்துக்கு நடுவே பெரிய வித்தியாசத்தை நான் கேட்டதில்லை. அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம். ஃப்ரெட்கள் பதித்த பலகையான ஃப்ரெட்போர்டின் மரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஈட்டி மரம் என்றும் தோதகத்தி என்றும் நாம் சொல்கிற ரோஸ்வுட், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது, உலகம் முழுக்க கிட்டார் ஃப்ரெட்போர்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனங்கள் எல்லாம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2019 இறுதியில் இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தாலும், விலை குறைந்த கிட்டார்களில் பல அதற்குள் வேறு மரங்களுக்கு மாறிவிட்டன. ஜாக்சன் 'அமரந்த்' என்று எழுதுவதும் இபானெஸ் 'பர்ப்பிள்ஹார்ட்' என்று எழுதுவதும் ஒரே மர வகையின் இரண்டு பெயர்கள். உறுதியான மரம். பெயர் புதிது என்று பயப்பட ஒன்றுமில்லை.

பிக்கப் பற்றியும் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். மெட்டலுக்கு ஹம்பக்கர் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. சிங்கிள் காயில் பிக்கப் நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைத் தானும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். டிஸ்டார்ஷன் அந்த இரைச்சலையும் பெருக்கும். ஹம்பக்கரில் இரண்டு காயில்கள் எதிரெதிராக இருப்பதால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கம்பியின் ஒலி மட்டும் கூடும். கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் இதைச் செய்தபோது இந்த மாதிரி இசையே பிறக்கவில்லை. ஜாக்சன், இபானெஸ் இரண்டின் பிக்கப்பிலும் செராமிக் காந்தம். இரண்டுமே சூடான, கொஞ்சம் முரட்டுத்தனமான ஒலி. மூன்று வருடம் கழித்துப் போதவில்லை என்று தோன்றினால் பிக்கப்பைக் கழற்றி வேறு மாட்டலாம், ஒரு மாலை நேர வேலை.

மாற்ற முடியாதது பிரிட்ஜ், அதாவது கம்பிகளின் அடி முனையைப் பாடியில் தாங்கி நிற்கும் பாகம். மாற்றலாம், ஆனால் பாடியையே குடைய வேண்டிவரும். அதனால் எந்தக் கிட்டார் என்று யோசிக்கும் முன்பு எந்த பிரிட்ஜ் என்று முடிவு செய்யச் சொன்னேன். என் கருத்தில் இந்த விலையில் கேள்வியே அதுதான்.

நான்கு கிட்டாரில் மூன்று வகை பிரிட்ஜ் இருக்கிறது. இபானெஸ் 131-லும் எல்.டி.டி-யிலும் அசையாத பிரிட்ஜ். ஜே.எஸ் 22-இல் ஒரு கைப்பிடியை அழுத்தினால் சுருதி இறங்கும் சாதாரண ட்ரெமலோ. ஜே.எஸ் 32-இல் ஃப்ளாய்ட் ரோஸ் முறையில் நட்டிலும் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் பட்டை) பிரிட்ஜிலும் கம்பியைப் பூட்டுகிற டபுள் லாக்கிங் ட்ரெமலோ. பையனின் கண் முழுக்க இந்தக் கடைசி ஒன்றின் மேல்தான். கைப்பிடியை அடிவரை அழுத்தி, ஒலி பாதாளத்துக்குப் போய்த் திரும்ப ஏறுகிற டைவ் பாம் வித்தையைப் பார்த்தவன் வேறு எதைக் கேட்பான்? எனக்கும் அவன் வயதில் அதே ஆசைதான்.

என் முதல் எலெக்ட்ரிக் கிட்டாரும் டபுள் லாக்கிங்தான், பெயர் வேண்டாம், விலை குறைந்த ஒன்று. வாங்கி மூன்றாவது நாள் ஒரு பாட்டுக்காக ஆறாவது கம்பியை ஈ (E) சுருதியிலிருந்து டி (D) சுருதிக்கு இறக்கினேன். மற்ற ஐந்து கம்பிகளும் சேர்ந்து மேலே ஏறிவிட்டன. அவற்றை இறக்கினால் ஆறாவது மறுபடி விலகியது. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினேன். கிட்டார் பழுது என்றே நினைத்தேன். பழுதில்லை, அது வேலை செய்யும் விதமே அப்படி. முன்பக்கம் ஆறு கம்பிகள் இழுக்கின்றன, பின்பக்கம் மூடிக்குள் ஸ்பிரிங்குகள் இழுக்கின்றன, நடுவில் பிரிட்ஜ் தராசு முள் போல நிற்கிறது. ஒரு கம்பியைத் தளர்த்தினால் ஸ்பிரிங் பக்கம் ஜெயிக்கும், பிரிட்ஜ் சாயும், மற்ற ஐந்தும் இறுகும். சுருதி மாற்ற வேண்டுமென்றால் ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) நட்டின் பூட்டைத் திறந்து, ஆறையும் மாற்றி மாற்றித் திருகி, ஸ்பிரிங் திருகையும் சரிபார்த்து, மறுபடி பூட்ட வேண்டும். கம்பி தடிமன் மாற்றினாலும் இதே வேலை. வாசிக்கும்போது ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி விலகும்.

ஃப்ளாய்ட் ரோஸ் மோசமான கண்டுபிடிப்பு என்று நான் சொல்லவில்லை. 1970-களின் கடைசியில் அதைச் செய்தவர் பெயரே ஃப்ளாய்ட் ரோஸ், அமெரிக்கர், கிட்டார் வாசிப்பவர். நன்றாகச் செய்த ஒன்று எவ்வளவு முரட்டுத்தனமாக ஆட்டினாலும் அதே சுருதிக்குத் திரும்பும், அது அருமையான பொறியியல். அதன் உயிர் இரண்டு கத்தி விளிம்புகளில் இருக்கிறது. பிரிட்ஜ் தகடு இரண்டு தூண்களின் மேல் அந்த விளிம்பில்தான் நின்று ஆடுகிறது. அசல் ஃப்ளாய்ட் ரோஸில் விளிம்பு கடினப்படுத்திய எஃகு. மலிவான வகைகளில் உலோகம் மென்மை, ஆட ஆட விளிம்பு மழுங்கும், மழுங்கினால் பழைய இடத்துக்குத் திரும்பாது. அதற்குப் பிறகு பூட்டு இருந்தும் பயனில்லை.

பெங்களூரில் 2011 அக்டோபர் 30 அன்று மெட்டாலிகா என்ற அமெரிக்க மெட்டல் குழு வாசித்ததைப் பார்க்கப் போயிருந்தேன். அதில் ரிதம் வாசிக்கும் ஹெட்ஃபீல்டின் கிட்டார்களில் அசையாத பிரிட்ஜ், லீட், அதாவது சோலோ வாசிக்கும் ஹேமட்டின் கிட்டாரில் ஃப்ளாய்ட் ரோஸ். ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் அடிப்படைச் சங்கதி) அடிக்கும் கைக்கு ஒன்று, சோலோ பறக்கும் கைக்கு ஒன்று, ஒரே குழுவில் இரண்டும். சுருதி மாறினால் அவர்களுக்குக் கிட்டாரே மாறும், மேடைக்குப் பின்னால் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். அக்கா மகனிடம் இருக்கப் போவது ஒரே ஒரு கிட்டார்.

அவன் எந்தச் சுருதியில் வாசிக்கிறான் என்று கேட்டேன். "ட்ராப் டி, ட்ராப் சி, சில பாட்டு ஸ்டாண்டர்ட்" என்றான். ஸ்டாண்டர்ட் என்பது வழக்கமான சுருதி. ட்ராப் டியில் ஆறாவது கம்பி மட்டும் டிக்கு இறங்கும், ட்ராப் சியில் எல்லாக் கம்பிகளும் இறங்கி, ஆறாவது சி (C) வரை போகும். அடிக்கடி சுருதி மாற்றப் போகிறவன் என்பதால் இந்தப் பதிலோடு ஜே.எஸ் 32 என் பட்டியலிலிருந்து போய்விட்டது. ஒரே சுருதியிலேயே இருந்து, லீட் மட்டும் வாசிப்பவர், ஆலன் கீயோடு உட்காரப் பொறுமை உள்ளவர் என்றால் அதையே எடுக்கச் சொல்லியிருப்பேன்.

சுருதியை இறக்குவது மெட்டலின் பிறப்போடு சேர்ந்த விஷயம். பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் 1965-இல், பின்னாளில் பிளாக் சாபத் என்ற மெட்டல் குழுவில் கிட்டார் வாசித்த டோனி அயோமியின் இரண்டு விரல் நுனிகள் போயின. பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த குப்பிகளை விரலில் மாட்டிக்கொண்டு வாசித்தார். கம்பியை அழுத்துவது வலித்ததால் மெல்லிய கம்பிகளுக்குப் போனார், பிறகு சுருதியையும் ஒன்றரை ஸ்வரம் இறக்கினார். பிளாக் சாபத்தின் அந்தக் கனமான ஒலியைக் கேட்டு வந்தவர்கள் இன்னும் இறக்கிக்கொண்டே போனார்கள்.

இறக்கும்போது கம்பிக்கு என்ன ஆகிறது என்று கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். 25.5 அங்குல ஸ்கேலில் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம்), 10-46 செட்டின் (மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) தடித்த கம்பி ஈ சுருதியில் ஏறக்குறைய 7.9 கிலோ இழுவையில் இருக்கும். அதையே டிக்கு இறக்கினால் 6.3 கிலோ, சி சுருதிக்கு இறக்கினால் 5 கிலோ. 5 கிலோவில் கம்பி ரப்பர் பேண்ட் மாதிரி. வேகமாக டவுன் பிக்கிங் (பிக்கால் மேலிருந்து கீழாக மட்டுமே அடிப்பது) செய்தால் பிக் அடிக்கிற நொடியில் சுருதி மேலே போய்த் திரும்பும், பாம் மியூட் (உள்ளங்கையால் பிரிட்ஜ் அருகே கம்பியை அடக்கி வாசிப்பது) செய்தால் 'டக்' என்று வராமல் 'தொப்' என்று வரும். 10-52 செட் மாட்டினால் 52 தடிமன் கம்பி டி சுருதியில் மறுபடி 7.9 கிலோ. கைக்கு அதே பழைய ஈ கம்பியின் விறைப்பு. சியில் 6.3 கிலோ, வாசிக்கத் தாராளமாகப் போதும். ஜாக்சனும் இபானெஸும் தொழிற்சாலையிலிருந்து 9-42 செட்டோடு வரும், அதாவது இதையெல்லாம்விட மெல்லிசு. வாங்கின அன்றே கம்பி மாற்ற வேண்டும். 52 கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்கிக்கொண்டால் சுருதி நிற்காது, சின்ன அரத்தால் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும். இதை வீட்டில் செய்ய வேண்டாம், கொஞ்சம் ஆழமாகிவிட்டால் கம்பி ஃப்ரெட்டில் இரையும்.

இந்த இடத்தில்தான் எல்.டி.டி இ.சி-10 எனக்குப் பின்னால் போகிறது. அதன் ஸ்கேல் 24.75 அங்குலம். அதே கம்பி, அதே சுருதி, ஆனால் இழுவை ஏறக்குறைய 6 சதவீதம் குறைவு. ஸ்டாண்டர்டிலும் ட்ராப் டியிலும் அது சுகம். கம்பியை வளைத்து வாசிப்பவருக்கு விரல் வலிக்காது, ஒற்றை வெட்டு வடிவம் (நெக்கருகே பாடியில் ஒரு பக்கம் மட்டும் வெட்டு) மடியில் நன்றாக உட்காரும், பார்க்கவும் கம்பீரம். திராஷ் என்கிற வேகமான மெட்டல் வகை மட்டும் போதும் என்பவருக்கு இது நல்ல கிட்டார். ட்ராப் சிக்குப் போகிறவனுக்கு அந்த முக்கால் அங்குலம் வேண்டும். கூடவே, ஒற்றை வெட்டு பாடியில் 20-க்கு மேலே உள்ள ஃப்ரெட்டுகளுக்குக் கை போகச் சிரமம்.

மிச்சம் ஜே.எஸ் 22, ஜி.ஆர்.ஜி 131. இங்கே முடிவு சுலபமில்லை, இரண்டும் எனக்குப் பிடித்தவை.

ஜாக்சனின் நெக் எனக்கு இன்னும் கொஞ்சம் பிடிக்கும். ஃப்ரெட்போர்டின் வளைவு நட் பக்கம் 12 அங்குல ஆரத்தில் ஆரம்பித்து, மேல் ஃப்ரெட்டுகளில் 16 அங்குலமாகத் தட்டையாகிறது. கீழே கார்ட் பிடிக்க வசதி, மேலே சோலோவில் கம்பியை எவ்வளவு வளைத்தாலும் ஒலி அடைத்துக்கொள்ளாது. விலை கூடிய கிட்டார்களில் பார்க்கிற விஷயம் அது. நெக்குக்குள் கிராஃபைட் கம்பிகளும் உண்டு. மே மாதம் திருச்சி வெயிலில் வேகும் வீடு, நவம்பரில் மழை ஈரம், நடுவில் சில நாள் ஏசி என்று மரம் படுகிற பாட்டுக்கு அந்தப் பலம் உதவும். 1980-களின் தொடக்கத்தில் குரோவர் ஜாக்சனும் ராண்டி ரோட்ஸும் சேர்ந்து ஒரு கூர்மையான வி வடிவக் கிட்டாரை வரைந்ததில் தொடங்கிய பெயர் அது. நிறுவனம் 2002-இல் ஃபெண்டரின் கைக்குப் போனது. மலிவு வரிசையிலும் அந்த நெக் வடிவத்தை விட்டுவிடவில்லை என்பதற்காகவே எனக்கு அதன் மேல் மரியாதை.

அதன் குறை பிரிட்ஜ். ஆடுகிறது, ஆனால் பூட்டு இல்லை. கொஞ்சம் பலமாகக் கைப்பிடியை அழுத்தினால் சுருதி போய்விடும், அதனால் டைவ் பாம் ஆசையும் தீராது. பாம் மியூட்டுக்காக உள்ளங்கையை பிரிட்ஜ் மேல் அழுத்தி வைக்கும்போது பிரிட்ஜ் லேசாகச் சாய்ந்து ஒலி திரியும். இதற்கு வழி இருக்கிறது. பின்பக்க மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகடும் அதில் இரண்டு நீளத் திருகுகளும் தெரியும். கூடுதல் ஸ்பிரிங் மாட்டி, இரண்டு திருகையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, பிரிட்ஜ் பாடியோடு ஒட்டிப் படியும்வரை கொண்டுவர வேண்டும். அப்புறம் அது ஏறக்குறைய அசையாத பிரிட்ஜ்தான். ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தால் போதும். இதைச் செய்யத் தயார் என்பவருக்கு ஜே.எஸ் 22 தான் என் முதல் தேர்வு.

இபானெஸில் அந்த வேலையே இல்லை. கிட்டார் கைக்கு வந்த அன்று தடித்த கம்பி மாட்டி, இன்டனேஷன் (நெக் முழுக்கச் சுருதி சரியாக இருக்கிறதா என்பது) சரிபார்த்து, ட்ராப் சியில் வைத்து வாசிக்கத் தொடங்கலாம். நாளை ஸ்டாண்டர்ட் வேண்டுமா, ஆறு திருகு, ஒரு நிமிடம். நெக் மெல்லிசு, தட்டை. சுறாப் பல் வடிவ முத்திரைகள் ஃப்ரெட்போர்டில் வரிசையாக இருக்கும், பையன்களுக்கு அது பெரிய விஷயம், அதையும் நான் மதிக்கிறேன். கையில் எடுக்கத் தூண்டாத கிட்டார் சுவரோடு நின்றுவிடும். குறை என்றால், சுருதித் திருகுகள் சுமார்தான். ஃப்ரெட்களின் ஓரம் சில கிட்டாரில் விரலைக் கீறும். ஒன்று முக்கியம்: பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் ஜி.ஆர்.ஜி 170 டி.எக்ஸ் வேறு, அதில் ட்ரெமலோவும் நடுவில் ஒரு சிங்கிள் காயிலும் உண்டு. ஆன்லைனில் எண்ணைச் சரியாகப் பார்த்து ஆர்டர் செய்யுங்கள்.

ஐந்தாவதாக ஷெக்டர் ஓமன்-6 என்று ஒன்றும் உண்டு. 25.5 அங்குலம், அசையாத பிரிட்ஜ், நல்ல கிட்டார். பட்ஜெட் இன்னும் கொஞ்சம் நீளுமானால் அதையும் கையில் எடுத்துப் பாருங்கள். வி வடிவக் கிட்டார்களை முதல் கிட்டாராக வாங்க வேண்டாம். உட்கார்ந்து வாசித்தால் தொடையிலிருந்து வழுக்கும், பழகுகிறவர் முக்கால்வாசி நேரம் உட்கார்ந்துதான் வாசிப்பார்.

சரி, 35,000 ரூபாயில் கிட்டாருக்கு எவ்வளவு? மொத்தத்தையும் கிட்டாரில் போட்டுவிட்டு, மிச்சச் சில்லறைக்கு 10 வாட் பெட்டி ஆம்ப் ஒன்றை வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மெட்டலில் ஒலியின் பெரும்பகுதி ஆம்ப்பில்தான் பிறக்கிறது. பையனிடம் சுமாரான லேப்டாப் இருக்கிறது, அதனால் ஆம்ப்பே வேண்டாம், கிட்டாரை லேப்டாப்பில் இணைக்கும் ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸும் ஹெட்போனும் வாங்கச் சொன்னேன். ஆம்ப் போலவே ஒலிக்கும் நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பெரிய ஆம்ப்களின் ஒலியை அது தருகிற நேர்த்தி, நான் பழகிய காலத்தில் கனவிலும் கிடையாது. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கும் தூக்கம் கெடாது. மிச்சத்தில் 10-52 கம்பி இரண்டு செட், நல்ல கேபிள் ஒன்று, கம்பி உயரத்தையும் நெக்கையும் சரிசெய்து தருகிற செட்டப்புக்குக் கூலி. இந்தச் செட்டப்பை விட்டுவிடாதீர்கள். இந்த விலைக் கிட்டார் பெட்டியிலிருந்து வரும்போது கம்பி உயரமாக, நெக் லேசாக வளைந்துதான் பெரும்பாலும் இருக்கும். அதைப் பார்த்து 'மெட்டல் கஷ்டம்' என்று விட்டவர்களை எனக்குத் தெரியும்.

இரைச்சல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது, விட்டால் கூடுகிறது என்றால் அது வழக்கமானது. தொட்டால் விரலில் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது என்றால் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், வீட்டு எர்த்தில் கோளாறு. லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போதும் இது நடக்கும்.

பராமரிப்பில் மெட்டல் வாசிப்பவருக்கென்றே ஒரு தொல்லை உண்டு. உள்ளங்கை எப்போதும் பிரிட்ஜ் மேல், நம் ஊரில் உள்ளங்கை எப்போதும் வியர்வை. பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே எறும்பு அளவுக்குக் குட்டித் திருகுகள் இருக்கின்றன. ஒரே வருடத்தில் துரு பிடித்து, ஆலன் கீ உள்ளே சுற்றுமே தவிர திருகு திரும்பாது. வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் துடைத்து, மாதம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெயை ஊசி முனையில் ஒரு சொட்டு எடுத்து அந்தத் திருகுகளில் வைத்தால் வருடக்கணக்கில் நிற்கும்.

சனிக்கிழமை கடைக்குப் போனான். இரண்டையும் கையில் எடுத்து வாசித்துப் பார் என்று சொல்லியிருந்தேன். ஆறாவது கம்பியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக 24 வரை அடி, எங்காவது ஒலி செத்தால் அந்தக் கிட்டாரை வை, அதே மாடலில் இன்னொன்று கேள். நெக்கின் ஓரத்தில் விரலை மேலும் கீழும் ஓட்டு, கீறினால் வை. ஜாக்சனில் 15-ஆவது ஃப்ரெட்டில் ஒரு கம்பி அடைத்தது, அந்த மாடலில் கடையில் வேறு இல்லை. இபானெஸில் எல்லாம் சுத்தம். அதையே எடுத்துக்கொண்டான், கறுப்பு.

டைவ் பாம் ஆசை மட்டும் போகவில்லை, குரலிலேயே தெரிந்தது. என் பழைய கிட்டாரின் பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தேக்குத் துண்டைச் செருகி, அது ஆடாமல் அடைத்து வைத்திருந்தேன், பல வருடமாக. போன வாரம் மூடியைத் திறந்து அந்தத் துண்டை உருவிவிட்டு, ஸ்பிரிங்கைச் சரிசெய்து, ஸ்டாண்டர்ட் சுருதியில் பூட்டி, ஆலன் கீயோடு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு மாதம் வைத்துக்கொள் என்று சொன்னேன். ஆட்டிப் பார்க்கட்டும், நடுவில் ஒரு கம்பியாவது அறுந்து தானே மாட்டிப் பார்க்கட்டும். அதன் பிறகும் வேண்டும் என்றால் அடுத்த கிட்டார் ஜே.எஸ் 32.